பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு ஒரு மின்னாக்கி: கணித மாதிரியும் கட்டுப்பாடும் அமைக்கும் முறை

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே பாய்வதால்தான், கஞ்சிக்கோடு தொடங்கிப் பொள்ளாச்சி, உடுமலை வரை காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. கஞ்சிக்கோட்டில் கேரள மாநில மின்வாரியம் 1990-களில் நிறுவிய ஒன்பது காற்றாலைகள் ஒவ்வொன்றும் 225 கிலோவாட் திறன் கொண்டவை. இன்று எழுப்பப்படும் இயந்திரங்கள் 2 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற எல்லை ஊர்களிலிருந்து பொறியியல் படிக்கப் போகும் தமிழ் மாணவர்கள் பலர், இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இந்தக் காற்றாலைகளையே எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றுகட்டத் தூண்டல் இயந்திரத்தின் அடிப்படை தெரிந்து, கணினியில் சைலேப், பைத்தான், சிமுலிங்க் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை இயக்கத் தெரிந்த எவரும் பின்பற்றும்படி, மாதிரி அமைப்பதையும் கட்டுப்படுத்திகளைக் கணக்கிடுவதையும் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு காற்றாலைக்குள் மிக வேறுபட்ட வேகங்களில் வேலை நடக்கிறது. இறக்கைகள் பொருத்திய சுழலியின் வேகம் மாறப் பல வினாடிகள் ஆகும். மின்னாக்கியையும் மின்தடத்தையும் இணைக்கும் மின்னணு மாற்றியான கன்வர்ட்டரின் நடுவே, நேர்மின் இணைப்பிலுள்ள மின்தேக்கியின் மின்னழுத்தம் சில பத்து மில்லிவினாடிகளில் மாறும். மின்னாக்கிக்குள் சுழலும் பகுதியான ரோட்டாரின் மின்னோட்டம் ஓரிரு மில்லிவினாடிகளில் மாறிவிடும். ஆகவே மாதிரியை மெதுவான பகுதியிலிருந்து வேகமான பகுதியை நோக்கி எழுத வேண்டும். கட்டுப்பாட்டு வளையங்களை வேகமானதிலிருந்து மெதுவானதை நோக்கி மூட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும், கையால் போட்ட கணக்கும் கணினி தரும் விடையும் ஒத்துவந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். எல்லாச் சமன்பாடுகளையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு இயக்கிப் பார்ப்பவர்களுக்கு வரைபடம் ஏதோ ஒன்று வரும். அதில் எது சரி, எது பிழை என்று சொல்ல அவர்களிடம் அளவுகோல் எதுவும் இருக்காது.

முதலில் கேள்வியைத் தீர்மானியுங்கள்

ஓராண்டில் எத்தனை யூனிட் கிடைக்கும் என்பது கேள்வியானால் மின்னாக்கியின் வகைக்கெழுச் சமன்பாடுகளே தேவையில்லை. திறன் வளைகோடும் காற்றுவேகப் பரவலும் போதும். கட்டுப்படுத்தியை வடிவமைப்பதுதான் நோக்கமென்றால் சுழலியின் நிலைமமும், மின்னாக்கியின் டி, க்யூ அச்சுச் (புலத்தோடு சேர்ந்து சுழலும் இரு செங்குத்து அச்சுகளின்) சமன்பாடுகளும், கன்வர்ட்டரின் சராசரி மாதிரியும் வேண்டும். மின்தடத்தில் பழுது ஏற்படும்போது இயந்திரம் தாக்குப்பிடிக்குமா என்று பார்ப்பவர் இவற்றோடு ஸ்டேட்டர் காந்தப்பாயத்தின் இயக்கத்தையும், இரண்டு நிறைகளாகப் பிரித்த சுழல்தண்டையும், கன்வர்ட்டரின் மின்னோட்ட எல்லைகளையும் சேர்த்தாக வேண்டும். கன்வர்ட்டரின் ஒவ்வொரு சுவிட்சையும் மாதிரியில் வைப்பது, அலைத்திரிபைப் படிப்பவர் தவிர வேறு யாருக்கும் பெரும்பாலும் நேர விரயம்.

இயந்திரத்தின் வகையையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய நிலைவேகக் காற்றாலைகளில் அணிற்கூண்டுத் தூண்டல் மின்னாக்கி நேரடியாக மின்தடத்தோடு இணைந்திருக்கும். அங்கே மின்னாக்கிப் பக்கம் கட்டுப்படுத்துவதற்கு மென்தொடக்கியும் மின்தேக்கித் தொகுதியும் தவிர அதிகம் இல்லை. நிலைக்காந்த ஒத்தியங்கு மின்னாக்கியில் முழுத் திறனும் கன்வர்ட்டர் வழியே போகும். மாதிரி எளிது, கன்வர்ட்டர் பெரிது. இடையில் இருப்பது இருபக்க ஊட்டத் தூண்டல் மின்னாக்கி: ஸ்டேட்டர் நேரே மின்தடத்தில், ரோட்டார் நழுவு வளையங்கள் வழியாகச் சிறிய கன்வர்ட்டரில். மூன்றிலும் சிக்கலானது இதுவே என்பதால், இதைச் செய்து பழகியவருக்கு மற்ற இரண்டும் எளிதில் வசப்படும். எனவே இதையே எடுத்துக்கொள்கிறேன்.

சுழலி: இங்குதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

நம் உதாரண இயந்திரம் 2 மெகாவாட். சுழலியின் ஆரம் 40 மீட்டர். சுழலியின் மதிப்பு வேகம், அதாவது முழுத் திறனில் ஓட வடிவமைத்த வேகம், நிமிடத்துக்கு 18 சுற்று. கியர்பாக்ஸ் விகிதம் 100. மின்னாக்கி நான்கு துருவம், 690 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே ஒத்தியங்கு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று, மதிப்பு வேகம் 1800, அந்த வேகத்தில் நழுவல் கழித்தல் 0.2.

காற்றில் உள்ள திறன் என்பது காற்றடர்த்தியில் பாதியை, சுழலி துடைக்கும் பரப்பாலும் காற்றுவேகத்தின் முப்படியாலும் பெருக்கினால் வருவது. பாடநூல்கள் அடர்த்திக்குக் கனமீட்டருக்கு 1.225 கிலோகிராம் என்று எழுதுவது 15 பாகை செல்சியசில் கடல்மட்டக் காற்றுக்கு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், 30 பாகை வெப்பத்தில் அது 1.15 ஆகக் குறைகிறது. 1.225-ஐ அப்படியே வைத்துக்கொண்டவர் தொடக்கத்திலேயே ஆறரை விழுக்காடு அதிகமாகக் கணக்குப் போடுகிறார். பரப்பு 5027 சதுரமீட்டர். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்றின் திறன் 1.48 மெகாவாட்.

காற்றுவேகத்தை எந்த உயரத்தில் அளந்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பும் பனைவரிசையும் நிறைந்த நம் பக்கத்தில், உயரம் கூடக்கூடக் காற்று வலுப்பது வெட்டவெளியில் இருப்பதைவிடக் கூர்மையாக இருக்கும். 10 மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 4 மீட்டர் பதிவானால், ஏழில் ஒன்று என்ற வழக்கமான அடுக்கைப் பயன்படுத்தி 80 மீட்டருக்கு 5.4 என்று வரும், அடுக்கை 0.2 என்று எடுத்தால் 6.1 வரும். முப்படியாக்கும்போது இந்தச் சிறு வேறுபாடு 40 விழுக்காட்டுக்கும் மேலான திறன் வேறுபாடாக வீங்கிவிடுகிறது. அச்சு உயரத்திலேயே அளந்த தரவு கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

காற்றின் திறன் முழுவதையும் சுழலியால் எடுக்க முடியாது. பெட்ஸ் காட்டிய மேல்வரம்பு 27-இல் 16 பங்கு, அதாவது 59.3 விழுக்காடு. நடைமுறையில் எவ்வளவு எடுக்கிறது என்பதைத் திறன் குணகம் சொல்கிறது. அது இரண்டு அளவுகளைச் சார்ந்தது: இறக்கை நுனியின் வேகத்தைக் காற்றுவேகத்தால் வகுத்த நுனிவேக விகிதம், இறக்கையின் சாய்வுக் கோணம். இறக்கைத் தரவு கையில் இல்லாதவர்கள் பலரும் 0.5176, 116, 0.4, 5, 21, 0.0068 என்ற ஆறு மாறிலிகள் கொண்ட ஒரு சூத்திரத்தையே பயன்படுத்துகிறார்கள். முதலில் ஒரு துணை அளவைக் கணக்கிடுங்கள்: நுனிவேக விகிதத்தோடு சாய்வுக் கோணத்தின் 0.08 மடங்கைக் கூட்டித் தலைகீழாக்கி, அதிலிருந்து 0.035-ஐக் கோணத்தின் முப்படியோடு 1 கூட்டிய எண்ணால் வகுத்துக் கழியுங்கள். இந்தத் துணை அளவின் 116 மடங்கிலிருந்து கோணத்தின் 0.4 மடங்கையும் 5-ஐயும் கழித்து, 0.5176-ஆல் பெருக்கி, துணை அளவின் கழித்தல் 21 மடங்கை அடுக்காகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பால் மீண்டும் பெருக்கி, இறுதியில் நுனிவேக விகிதத்தின் 0.0068 மடங்கைக் கூட்டினால் திறன் குணகம் கிடைக்கும். சரிபார்க்க: கோணம் 0, விகிதம் 8.1 என்று கொடுத்தால் 0.48 வர வேண்டும். அதுவே இதன் உச்சம்.

இந்தச் சூத்திரம் உச்சத்தின் அருகில் நன்றாக வேலை செய்யும். முழுத் திறன் கிடைக்கும் காற்றுவேகமான மதிப்பு வேகத்துக்கு மேலான காற்றில் இதை நம்பக் கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வினாடிக்கு 15 மீட்டர் காற்றில் நம் சுழலி 18 சுற்றில் ஓடினால் நுனிவேக விகிதம் 5.03. அங்கே கோணம் 2 பாகைக்குச் சூத்திரம் 0.192 தருகிறது, 10 பாகைக்கு 0.188 தருகிறது. அதாவது இறக்கையை எட்டுப் பாகை திருப்பியும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறது. உண்மையான இறக்கை அப்படி நடந்துகொள்ளாது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009-இல் முழு விவரங்களோடு வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலைக்கு, 15 மீட்டர் காற்றில் மதிப்புத் திறனை நிலைநிறுத்தத் தேவையான கோணம் 10.45 பாகை, 25 மீட்டரில் 23.47 பாகை. சாய்வுக் கட்டுப்பாட்டைப் பற்றி ஏதாவது முடிவு சொல்லப் போகிறவர் சூத்திரத்தைக் கைவிட்டு, இத்தகைய பொதுவெளி இறக்கைத் தரவிலிருந்து எடுத்த அட்டவணையைப் பயன்படுத்துவதே முறை. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபாஸ்ட் நிரலில் அந்தத் தரவு அப்படியே இருக்கிறது.

இனி சுழலியின் இயக்கம். நிலைமத் திருப்புத்திறனைக் கோண முடுக்கத்தால் பெருக்கினால், காற்றின் முறுக்குவிசையிலிருந்து மின்னாக்கியின் முறுக்குவிசையைக் கழித்தது வரும். இந்த ஒரு சமன்பாடுதான். நிலைம மாறிலி 4 வினாடி என்று வைத்தால், மெதுவேகப் பக்கத்தில் நிலைமத் திருப்புத்திறன் 45 இலட்சம் கிலோகிராம் சதுரமீட்டர். இந்த ஒற்றை நிறை மாதிரி கட்டுப்படுத்தியை வடிவமைக்கப் போதும். பழுதுக்கால ஆய்வில் மட்டும் சுழலியையும் மின்னாக்கியையும் தனித்தனி நிறைகளாக்கி, நடுவில் முறுக்கு விறைப்பும் தணிப்பும் கொண்ட தண்டை வையுங்கள். ஏறத்தாழ 1 முதல் 2 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு முறுக்கு அலைவு தெரியும்.

உச்சத் திறனைத் துரத்தும் விதி

குறைந்த காற்றில் நுனிவேக விகிதத்தை 8.1-இலேயே வைத்திருக்க, காற்றுவேகத்தை அளக்க வேண்டியதில்லை. கோபுர உச்சியில் மின்னாக்கி இருக்கும் கூண்டின் முதுகில் உள்ள காற்றுவேகமானி சுழலிக்குப் பின்னால் கலங்கிய காற்றையே பார்க்கிறது. அதை நம்பிக் கட்டுப்படுத்துவது சரியான வழியும் அல்ல. மின்னாக்கியின் முறுக்குவிசையைச் சுழல்வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் வைத்தால் போதும். சுழலி தானாகவே உச்சப் புள்ளியில் போய் நிற்கும். அந்த விகித மாறிலி, காற்றடர்த்தியில் பாதியையும் π என்ற மாறிலியையும் ஆரத்தின் ஐந்தாம் படியையும் உச்சத் திறன் குணகத்தையும் பெருக்கி, 8.1-இன் முப்படியால் வகுத்தது. நம் இயந்திரத்துக்கு மெதுவேகப் பக்கத்தில் 1,67,100. கியர் விகிதத்தின் முப்படியால் வகுத்தால் மின்னாக்கிப் பக்கத்தில் 0.1671.

கையால் சரிபாருங்கள். 8 மீட்டர் காற்றில் சுழலி வினாடிக்கு 1.62 ரேடியன், அதாவது நிமிடத்துக்கு 15.47 சுற்று, மின்னாக்கி 1547 சுற்று. முறுக்குவிசை 0.1671 பெருக்கல் 162-இன் இருபடி, ஏறத்தாழ 4385 நியூட்டன்-மீட்டர். இதை 162-ஆல் பெருக்கினால் 710 கிலோவாட். காற்றின் திறனான 1.48 மெகாவாட்டை 0.48-ஆல் பெருக்கினாலும் அதே 710 வருகிறது. இரண்டும் பொருந்தவில்லையென்றால் கியர் விகிதத்தின் படியில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும். விகித மாறிலியை முப்படியால் வகுப்பதும், வேகத்துக்கு ஒருபடியால் பெருக்குவதும் குழம்பிப்போகும் இடம் அது.

இந்த விதி எவ்வளவு விரைவாகச் செயல்படும்? உச்சப் புள்ளியைச் சுற்றி நேர்கோடாக்கினால், காலமாறிலி என்பது நிலைமத் திருப்புத்திறனை, விகித மாறிலியையும் சுழல்வேகத்தையும் பெருக்கியதன் மும்மடங்கால் வகுத்தது. 8 மீட்டர் காற்றில் 5.5 வினாடி வருகிறது. கணினியில் காற்றுவேகத்தை 8-இலிருந்து 8.2-க்குப் படியாக உயர்த்திப் பாருங்கள். வேக மாற்றத்தில் 63 விழுக்காடு ஐந்தரை வினாடியை ஒட்டி முடிய வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்று சில வினாடிகளுக்கு ஒருமுறை எகிறித் தணிவதால், சுழலி உச்சப் புள்ளியைத் துரத்திக்கொண்டே இருக்குமே தவிர அதன்மேல் அசையாமல் உட்காராது. அளந்த திறன் மாதிரி சொன்னதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு நேர்மையான காரணம்.

விகிதம் 8.1-இலேயே போனால், 12 மீட்டர் காற்றில் நுனிவேகம் வினாடிக்கு 97 மீட்டரைத் தொட்டுவிடும்; இரைச்சலும் இறக்கை முனையின் தேய்மானமும் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே 18 சுற்றில் வேகத்தை நிறுத்துகிறார்கள். அங்கே நுனிவேகம் 75 மீட்டர். 9.3 மீட்டர் காற்றில் இந்த எல்லை வந்துவிடுகிறது. அங்கிருந்து மதிப்புத் திறன் வரும் வரை, முறுக்குவிசையைக் கொண்டு வேகத்தை நிலையாக வைக்கும் ஒரு பிஐ (பிழையின் விகிதத்தையும் அதன் தொகையையும் கூட்டிக் கட்டளையிடும்) கட்டுப்படுத்தி வேலை செய்கிறது. மேலே சொன்ன சூத்திரத்தில் விகிதம் 6.28, கோணம் 0 என்று இட்டால் குணகம் 0.40, 12 மீட்டர் காற்றில் 2 மெகாவாட் கிடைக்கிறது. குறைந்த பக்கத்தில் 1050 சுற்றை எல்லையாக வைத்தால், 5.4 மீட்டர் காற்றுக்குக் கீழே மறுபடியும் நிலைவேகம். இந்த இரு முனைகளிலும் விதி மாறும் இடத்தில் முறுக்குவிசை குதிக்காமல் தொடர்ச்சியாகச் செல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னாக்கியின் சமன்பாடுகள்

ஒத்தியங்கு வேகத்தில் சுழலும் டி, க்யூ அச்சுகளில் ஸ்டேட்டருக்கு இரண்டு, ரோட்டாருக்கு இரண்டு என நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள். ஸ்டேட்டர் மின்னழுத்தம் என்பது மின்தடை வீழ்ச்சி, பாயம் மாறும் வீதம், ஒத்தியங்கு வேகத்தால் பெருக்கிய எதிர் அச்சுப் பாயம் ஆகிய மூன்றின் கூட்டு. ரோட்டாருக்கும் அதே வடிவம். ஒத்தியங்கு வேகத்துக்குப் பதில் நழுவல் வேகம். எழுதத் தொடங்கும் முன் மூன்று முடிவுகளைக் குறித்துவையுங்கள்: மின்னோட்டம் இயந்திரத்துக்குள் பாய்வது நேர்க்குறியா, வெளியே பாய்வதா, அச்சு மாற்றத்தில் உச்ச மதிப்பைக் காக்கிறீர்களா, திறனைக் காக்கிறீர்களா, ரோட்டார் அளவுகள் ஸ்டேட்டர் பக்கம் மாற்றப்பட்டவையா, இல்லையா. உள்ளே பாய்வது நேர்க்குறி, உச்ச மதிப்பு காக்கப்படும், எல்லாம் ஸ்டேட்டர் பக்கம் என்று நான் கொள்கிறேன். வேறு நூலிலிருந்து ஒரு சமன்பாட்டை எடுக்கும்போது இந்த மூன்றும் அங்கே எப்படி என்று பார்க்காமல் ஒட்டினால், ஒன்றரை மடங்கோ மூன்று மடங்கோ பிழை வரும். சில வேளைகளில் குறியே மாறிப்போகும்.

இந்த அளவு இயந்திரத்துக்குப் பொருந்தும் மதிப்புகள்: ஸ்டேட்டர் மின்தடை 2.6 மில்லிஓம், ரோட்டார் மின்தடை 2.9 மில்லிஓம், காந்தமாக்கும் தூண்டம் 2.5 மில்லிஹென்றி, இரு பக்கக் கசிவுத் தூண்டம் தலா 0.087 மில்லிஹென்றி.

டி அச்சை ஸ்டேட்டர் பாயத்தின் மீது பொருத்தினால் விஷயம் அழகாகப் பிரிகிறது: ரோட்டாரின் க்யூ அச்சு மின்னோட்டம் முறுக்குவிசையை ஆள்கிறது, டி அச்சு மின்னோட்டம் மாற்றுத்திறனை (வேலை செய்யாமல் முன்னும் பின்னும் பாயும் ரியாக்டிவ் திறனை) ஆள்கிறது. 690 வோல்ட்டுக்குக் கட்ட உச்சம் 563 வோல்ட்; அதை 314-ஆல் வகுத்தால் ஸ்டேட்டர் பாயம் 1.79 வெபர். ஒரு ஆம்பியர் க்யூ அச்சு மின்னோட்டத்துக்கு 5.2 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை வருகிறது. ஆகவே 8 மீட்டர் காற்றில் தேவைப்படுவது 843 ஆம்பியர். முழுத் திறனில் 2041 ஆம்பியர். காந்தமாக்கும் மின்னோட்டத்தை முழுவதும் ரோட்டாரே கொடுத்தால் டி அச்சில் 717 ஆம்பியர். இவை ஸ்டேட்டர் பக்க உச்ச மதிப்புகள்; உண்மையான ரோட்டாரில் சுற்றுகள் ஏறத்தாழ மும்மடங்கு இருப்பதால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்குதான்.

திறன் பிரிவையும் சரிபாருங்கள். இழப்புகளை விட்டுவிட்டால், ஸ்டேட்டர் திறன் என்பது மொத்தத் திறனை, ஒன்றிலிருந்து நழுவலைக் கழித்ததால் வகுப்பது. 1800 சுற்றில் ஸ்டேட்டர் 1.667 மெகாவாட்டும் ரோட்டார் 333 கிலோவாட்டும் மின்தடத்துக்கு அனுப்புகின்றன. 1547 சுற்றில் ரோட்டார் வழியே போவது 22 கிலோவாட்தான். 1050 சுற்றில் மொத்தம் 222 கிலோவாட் இருக்க, ஸ்டேட்டர் 317 அனுப்பி, அதில் 95-ஐ ரோட்டார் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இந்தத் திசை மாற்றம் உங்கள் மாதிரியில் சரியாக 1500 சுற்றில் நடக்காவிட்டால், குறிகளில் எங்கோ தவறு இருக்கிறது. மாற்றுத்திறனுக்கும் பாதுகாப்புக்கும் இடம் விட்டாலும், கன்வர்ட்டர் முழுத் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கே இருந்தால் போதும் என்பதும் இங்கிருந்து வருகிறது. இந்த இயந்திரம் சந்தையில் நிலைத்ததற்குக் காரணமே அந்தச் சிக்கனம்தான். அதற்கு விலையாக, கரித் தூரிகைகள் தேய்ந்து விழும் தூளைக் மலையாளக் கர்க்கடக மாதத்து மழை ஈரத்திலும் யாராவது மேலே ஏறித் துடைக்க வேண்டியிருக்கிறது.

வளையங்களை மூடுதல்

இப்போது திசை மாறுகிறது. முதலில் சுழல்வேகத்தை 1547-இல் பூட்டிவிட்டு, ரோட்டார் மின்னோட்ட வளையத்தை மட்டும் எடுங்கள். ரோட்டாரின் இடைநிலைத் தூண்டம் என்பது ரோட்டார் தூண்டத்திலிருந்து, காந்தமாக்கும் தூண்டத்தின் இருபடியை ஸ்டேட்டர் தூண்டத்தால் வகுத்துக் கழித்தது: 0.171 மில்லிஹென்றி. அதை ரோட்டார் மின்தடையால் வகுத்தால் கட்டுப்பாடில்லாத காலமாறிலி 59 மில்லிவினாடி. 100 ஹெர்ட்ஸ் அலைப்பட்டை வேண்டுமென்று தீர்மானித்தால், வினாடிக்கு 628 ரேடியன் என்பதை இடைநிலைத் தூண்டத்தால் பெருக்கி விகித உறுப்பு 0.107 என்றும், மின்தடையால் பெருக்கித் தொகை உறுப்பு 1.82 என்றும் எடுங்கள். கன்வர்ட்டரின் சுவிட்ச் அதிர்வெண் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் இருக்கும் என்பதால் 100 ஹெர்ட்ஸ் பத்திரமான தேர்வு. பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தாமதம் வளையத்தை ஆட்டத் தொடங்கும்.

க்யூ அச்சுக் கட்டளையை 843-இலிருந்து 943-க்கு உயர்த்துங்கள். மூன்றரை மில்லிவினாடியில் பத்திலிருந்து தொண்ணூறு விழுக்காடு ஏற வேண்டும். மேலெழுச்சி இருக்கக் கூடாது. அதே நேரத்தில் டி அச்சு மின்னோட்டம் அசையாமல் இருக்க வேண்டும். டி அச்சில் ஒரு கூம்பு எழுந்து தணிந்தால், ஓர் அச்சு மற்றதைப் பாதிப்பதை ஈடுசெய்யும் உறுப்புகளைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள், அல்லது குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். கன்வர்ட்டர் மின்னழுத்தத்துக்கு எல்லை வைத்து, எல்லையைத் தொடும்போது தொகை உறுப்பு மேலும் ஏறாதபடி தடுத்துவிடுங்கள். ஸ்டேட்டர் மின்தடை சிறிதாக இருப்பதால் பாயத்தில் 50 ஹெர்ட்ஸில் மெல்லிய அலைவு ஒன்று நீண்ட நேரம் ஓடும்; அது இயந்திரத்தின் இயல்பு.

மின்தடப் பக்கக் கன்வர்ட்டரின் வேலை நேர்மின் மின்னழுத்தத்தைக் காப்பது. அதன் மின்னோட்ட வளையமும் இதே முறையில் கணக்கிடப்படும்; வெளியே மின்னழுத்த வளையம் அதைவிடப் பத்து மடங்கு மெதுவாக. 1150 வோல்ட், 20 மில்லிஃபாரட் மின்தேக்கி என்று கொண்டால், முழுத் திறனில் மின்தடப் பக்கம் நின்றுபோகும் நிலையில் 11 மில்லிவினாடியில் 1300 வோல்ட்டைத் தொட்டுவிடும். இந்த எண்ணைப் பார்த்தால் மின்னழுத்த வளையம் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்பது புரியும்.

இவை இரண்டும் நிலைத்த பிறகே வேகப் பூட்டைத் திறந்து, உச்சத் திறன் விதியை இணையுங்கள். மின்னோட்ட வளையம் மில்லிவினாடிகளில் முடிந்துவிடுவதால், சுழலியைப் பொறுத்தவரை முறுக்குவிசைக் கட்டளை உடனடியாக நிறைவேறியதுபோலவே இருக்கும். கடைசியாகச் சாய்வுக் கட்டுப்பாடு: வேகப் பிழையிலிருந்து கோணக் கட்டளை, வினாடிக்கு 8 முதல் 10 பாகை என்ற திருப்பு வீத எல்லை, திருப்பும் பொறியின் சிறு தாமதம். கோணம் பெருகப் பெருக, ஒரு பாகைக்குக் குறையும் திறன் அதிகமாவதால், கட்டுப்படுத்தியின் உறுப்புகளைக் கோணத்துக்கேற்பக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். 13 மீட்டரில் நன்றாக இருந்த கட்டுப்படுத்தி 22 மீட்டரில் ஊசலாடினால் காரணம் இதுதான்.

மின்னழுத்தம் விழும்போது

மத்திய மின்சார ஆணையத்தின் மின்தட இணைப்பு விதிகளில் 2013-இல் வந்த திருத்தம், 66 கிலோவோல்ட் அல்லது அதற்கு மேல் இணையும் காற்றாலைகள், மின்னழுத்தம் 15 விழுக்காட்டுக்கு விழுந்தாலும் 300 மில்லிவினாடி வரை துண்டித்துக்கொள்ளாமல் நிற்க வேண்டும் என்கிறது. இருபக்க ஊட்ட இயந்திரத்துக்கு இதுதான் கடினமான சோதனை.

மின்னழுத்தம் திடீரென விழும்போது ஸ்டேட்டர் பாயம் உடனே மறைவதில்லை. அதன் ஒரு பகுதி ஸ்டேட்டரைப் பொறுத்து அசையாமல் நின்றுவிடுகிறது. வழக்கமாக ரோட்டார் பார்ப்பது 0.2 நழுவலில் சுற்றும் பாயத்தை, இப்போதோ 1.2 மடங்கு வேகத்தில் தன்னைக் கடக்கும் பாயத்தை. முழுவதும் விழுந்தால் ரோட்டாரில் தூண்டப்படும் மின்னழுத்தம் வழக்கத்தைப்போல் ஆறு மடங்கு. 15 விழுக்காட்டுக்கு விழுந்தால் ஐந்து மடங்குக்கும் சற்று மேல், நம் கணக்கில் 570 வோல்ட்டை ஒட்டி. கன்வர்ட்டர் தரக்கூடியது, ஸ்டேட்டர் பக்கத்துக்கு மாற்றினால், 220 வோல்ட் அளவே. மீதி முழுவதும் மின்னோட்டமாகப் பாயும். ஆகவே எல்லை மீறும்போது ரோட்டாரை மின்தடைகளின் வழியே குறுக்கிணைத்து, கன்வர்ட்டரைச் சில பத்து மில்லிவினாடிகள் ஒதுக்கிவைத்து, பாயம் தணிந்ததும் மறுபடி கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்கிறார்கள். ரோட்டார் திறந்திருந்தால் பாயம் தணியும் காலமாறிலி ஏறத்தாழ 1 வினாடி. குறுக்கிணைப்பு அதைப் பல மடங்கு சுருக்குகிறது. மின்தடையின் மதிப்பைச் சிறிதாக வைத்தால் மின்னோட்டம் கூடும், பெரிதாக வைத்தால் கன்வர்ட்டரின் முனைகளில் மின்னழுத்தம் கூடும். இரண்டுக்கும் நடுவில் சில மதிப்புகளை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஸ்டேட்டர் பாயத்தின் வகைக்கெழுவைச் சுருக்கி எழுதிய மாதிரிகள் உதவாது. நடந்த நிகழ்வையே அவை அழித்துவிடும். கணிப்புப் படியை 50 மைக்ரோவினாடிக்குள் வையுங்கள். சுழலி, காற்று ஆகியவற்றை மட்டும் ஆராயும்போது 10 மில்லிவினாடி தாராளம்.

அளந்த தரவோடு ஒப்பிடுவது

காற்றாலைகளின் பதிவேடுகளில் கிடைப்பது பெரும்பாலும் பத்து நிமிடச் சராசரி. கட்டுப்படுத்தி சரியாக இருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது; ஒரு வினாடித் தரவாவது வேண்டும். ஆற்றல் கணக்கை மட்டும் அதைக்கொண்டு ஒப்பிடலாம், அதிலும் ஒரு திருத்தத்தோடு. சராசரி வேகத்தின் முப்படியும், வேகத்தின் முப்படிகளுடைய சராசரியும் ஒன்றல்ல. காற்றின் கொந்தளிப்பு, அதாவது வேகத்தின் திட்டவிலக்கம், சராசரியில் 15 விழுக்காடு என்றால், இரண்டாவது முதலாவதைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம். மதிப்பு வேகத்துக்குக் கீழே மாதிரி குறைவாகச் சொல்லி அளவி அதிகமாகக் காட்டினால், முதலில் இந்தப் பெருக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள். மதிப்பு வேகத்தை ஒட்டிய பகுதியில் நேர்மாறாக நடக்கும்: எகிறும் காற்றின் உச்சங்களை 2 மெகாவாட் எல்லை வெட்டிவிடுவதால், அளந்த திறன் வளைகோடு அந்த முழங்காலில் மாதிரியைவிட மழுங்கியே இருக்கும்.